கம்ப்யூட்டருக்குள் ஒரு கறுப்புப் பெட்டி

கம்ப்யூட்டர் என்றாலே அது பிள்ளைகள் சமாசாரம் என்று நாம் ஒதுங்கி விடுகிறோம். ஆனால் கரண்ட் என்று வந்துவிட்டால் வீட்டுக்குக் காவல் நாம்தானே! அதனால், காலேஜ் படிக்கும் என் மகனுக்காகப் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் வாங்கியபோது, கரண்ட் பெட்டியை மட்டும் கையில் வாங்கி நன்றாகப் பார்த்தேன். கடைக்காரர்கள் இதை எஸ்.எம்.பி.எஸ். என்கிறார்கள். நம் வீட்டு 230 வோல்ட் கரண்டை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது இதன் வேலை.

பார்க்கப் பெரிய டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். அகலம் 15 செ.மீ., உயரம் எட்டரை செ.மீ. சொச்சம். 1995-ல் இன்டெல் கம்பெனி வகுத்த அளவு இது. ஒரு பக்கம் கம்பி வலைக்குள் ஃபேன். பின்பக்கம் தேன்கூடு போல ஓட்டைகள், ஒயர் செருகும் இடம், ஒரு ஸ்விட்ச். ஸ்விட்ச்சில் கோடு இருந்தால் ஆன், வட்டம் இருந்தால் ஆஃப். சில பழைய பெட்டிகளில் 115, 230 என்று சின்னச் சிவப்பு ஸ்விட்ச்சும் இருக்கும். அது எப்போதும் 230-லேயே இருக்கட்டும். 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால், டப்பென்று வெடித்துப் போகும்.

அந்த ஓட்டைகள் அழகுக்கு அல்ல, சூடு வெளியேற! என் நாத்தனார் இருப்பது அரியலூரில். சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் லாரியும் உள்ள ஊர். தூசிக்குக் கேட்கவா வேண்டும்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் வலையை வெளிப்பக்கமே துடைத்துவிடுவாள். ஈரத்துணி கூடவே கூடாது.

எங்கள் பெட்டியில் இன்னொரு வசதி. பழைய பெட்டிகளில் ஒயர்கள் சடை சடையாகத் தொங்கும். இதில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. தேவையான ஒயரை மட்டும் மாட்டிக்கொள்ளலாம். 'மாடுலர்' என்கிறார்கள். உள்ளே அடைசல் இல்லாமல் காற்று நன்றாகப் போகிறது.

ஆனால் ஆபத்தும் இதில்தான். ஒயரில், கம்ப்யூட்டர் பக்கம் போகும் முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று போலத்தான். பெட்டிப் பக்கம் மாட்டும் முனையோ, அந்தந்தக் கம்பெனியின் இஷ்டம். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறலாம். பொருந்துகிறதே என்று மாட்டினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய்விடும்! எங்கள் தெருவில் ஒரு பையன், வேறு பெட்டியின் ஒயரை எடுத்து மாட்டினான். டிஸ்க் கருகிப் போயிற்று. காலமான தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்திப் படங்கள் அதில்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை. அந்தப் பாட்டி இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எனவே சகோதரிகளே, மிச்ச ஒயர்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு, பெட்டியின் பெயரையும் மாடலையும் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பெட்டி மாறினால் ஒயர்களும் கூடவே மாறட்டும். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்தான் எர்த். பிளக் பாயின்ட்டில் நுழையவில்லை என்று அதை ஒடிக்க விடாதீர்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் பெட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஹேர்பின், ஊக்கு எல்லாம் அந்த ஓட்டைக்குள் நுழையும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கி இருக்குமாம். அதனால் யார் சொன்னாலும் பெட்டியைத் திறக்க வேண்டாம். வெளியே பார்த்துக்கொள்வதே நமக்குப் போதும்.