பூட்டியவன் பொறுப்பு

வெள்ளம் பெருகினால் காட்டு யானை மேட்டை நாடும், பறவை பறந்துவிடும், பாம்பும் மரமேறித் தப்பும். கூண்டிலிருக்கும் புலிக்கு இவற்றுள் எவ்வழி உண்டு? கதவைப் பூட்டித் திறவுகோலை இடுப்பிற் செருகிக் கொண்டவன் மனிதன். தப்பியோடும் உரிமையைப் பறித்தவனே தப்புவிக்கும் கடமையையும் ஏற்றாக வேண்டும் என்பது நமது துணிபு.

“மனிதனே கூரைமேல் நின்று கதறும்போது மிருகத்தைப் பற்றிய பேச்சு எதற்கு?” என்று சிலர் வினவலாம். கேள்வி நியாயமானதே. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் புகுந்தபோது ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் முதலிய இடங்களில் நம்மவர் பட்ட பாட்டை நாம் மறந்திலோம். மனித உயிரே முந்தியது, ஐயமில்லை. ஆயினும் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்துவது பொருந்துமா?

ஜியார்ஜியா நாட்டின் தலைநகராகிய திபிலிசியில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2015 ஜூன் மாதத்தில் ஓரிரவு பெய்த பெருமழையில் வேரே என்னும் சிற்றாறு கரைபுரண்டு, தாழ்நிலத்தில் இருந்த விலங்ககத்துட் பாய்ந்தது. எண்ணற்ற விலங்குகள் கூண்டுக்குள்ளேயே மாண்டன. புலியும் சிங்கமும் கரடியும் வீதிக்கு வந்தன; நீர்யானையொன்று கடைத்தெருவில் நின்றது. சில நாட்கள் கழித்து, தப்பிய புலியொன்று ஒரு மனிதனைக் கொன்றது. விலங்கைக் காக்கும் ஏற்பாடு மனிதனைக் காக்கும் ஏற்பாடும் ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலால் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, மதிற்சுவரும் இடிந்தது. புயல் ஓரிரவில் ஓய்ந்துவிடும். சுவரெழுப்பி, மரமகற்றி, மீண்டும் வாயிலைத் திறக்கும் வேலையோ ஓரிரவில் முடிவதன்று. வாயில் மூடினால் வருமானம் நிற்கும்; வயிறு நிற்குமா? 2020இல் கொள்ளைநோயின் பொருட்டு நம் உலு கிள்ளான் தேசிய விலங்ககம் அடைக்கப்பட்டபோது இதை நாமே கண்டோம். நுழைவுக் கட்டணத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் அந்நிலையம் பொதுமக்களிடம் கையேந்த நேர்ந்தது. மக்களும் மனமுவந்து கொடுத்தனர்.

இது விலங்ககத்தார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. கிள்ளான் ஆறு உலு கிள்ளான் பக்கமிருந்து இறங்கி, கோலாலம்பூரை ஊடறுத்து, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாய் ஓடி, கிள்ளானைத் தொட்டுக் கடலிற் கலக்கிறது. 1926லும் 1971லும் கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளங்கள் இவ்வாற்றங்கரையார்க்குப் புதிய கதையல்ல. கரையில் மாடு கட்டுவோரும், கோழி அடைப்போரும், நாயைச் சங்கிலியிற் பிணைப்போரும் சிறிய அளவில் கூண்டுக்காரரே.

நாம் தோட்டத்திற் கணக்கெழுதிப் பிழைப்பவர். பட்டியலே நமது தொழில். ஒரு தோட்டத்தின் மழைக்கால முன்னேற்பாட்டுப் பட்டியலை ஒருமுறை பார்த்தோம். உரமூட்டை இருந்தது, மருந்துக் கொட்டகை இருந்தது, லயத்து மாடுகள் இல்லை. அவ்வாண்டு நீர் ஏறியபோது, அவிழ்த்துவிட்டிருந்த ஆடுகள் தாமே மண்மேட்டில் ஏறி நின்றன. கட்டியிருந்த மாடுகளின் கயிறு நனைந்து முடிச்சு இறுகிவிட்டது. இடுப்பளவு நீரில் நின்று அரிவாளால் அறுத்தனர். பட்டியலில் எழுதாத உயிர் ஆபத்து வேளையில் எவர் நினைவுக்கும் வருவதில்லை.

ஆகவே, செய்யத்தக்கவை சில. எந்த விலங்கு எந்த மேட்டுக்குப் போகும், யார் கொண்டு செல்வார், திறவுகோல் யாரிடம் என்பதை மழைக்கு முன்னரே எழுதி வைக்க வேண்டும். சில நாளைக்குரிய தீனியும் நன்னீரும் உயரத்தில் இருத்தல் வேண்டும். வெள்ளம் வடிந்தபின் உதவ விரும்புவோர், மீந்த சோற்றையும் ரொட்டியையும் சுமந்து விலங்ககத்துக்கு ஓடவேண்டா. காப்பாளரைக் கேட்டு, அவர் வேண்டும் பொருளையோ பணத்தையோ கொடுப்பதே உண்மையான உதவி. அழுக்கு நீரில் எலிக்காய்ச்சல் பரவுமாதலால், கொட்டகையைக் கழுவுவோர் நீர்புகாக் காலணியும் கையுறையும் அணியவேண்டும்.

அன்பர்களே, மழையைத் தடுக்க நம்மால் இயலாது. அதனாலேயே எல்லாம் விதியென்று கைகட்டி நிற்றல் அறிவுடைமை ஆகாது. இம்மழைக்காலம் தொடங்குமுன் உங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்குச் சென்று, அங்கே கட்டியிருப்பன எத்தனை உயிர்களென எண்ணிப் பாருங்கள். அவ்வெண்ணிக்கையை முதலில் எழுதிக் கொள்ளுங்கள்.