ஆண்டு விழா படங்கள் ஏன் தாமதம்?

ஆண்டு விழா படங்கள் எங்கே சார் என்று தினமும் கேட்கிறீர்கள். காரணம் என் பேரனின் கம்ப்யூட்டர்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் திருவொற்றியூர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஆல்பங்கள் நனைந்துவிட்டன. தப்பிய 63 படங்களைப் பேரன் ஸ்கேன் செய்தான். பூஞ்சை பிடித்தவற்றை, ஸ்கேன்தான் ஆச்சே என்று வீட்டம்மா குப்பையில் போட்டுவிட்டாள். பிறகு திறந்து பார்த்தால் 11 படங்களில் பாதி வெறும் சாம்பல் நிறம்.

அதற்கு முன்பே நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் அணைந்துகொண்டுதான் இருந்தது. "கரண்ட் சரியில்ல தாத்தா" என்றான். எண்ணூர் பக்கம் கரண்ட்மேல் பழி போட்டால் யார் மறுப்பார்கள்? நானும் நம்பினேன்.

துருவிக் கேட்டதும்தான் சொன்னான், ஓவர்கிளாக் செய்திருக்கிறானாம். 3.6 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய ப்ராசஸரை 4.2க்கு ஏற்றி, அது தாங்க வோல்டேஜை 1.20லிருந்து 1.30 ஆக்கியிருக்கிறான். வெப்பம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். பேப்பரில் போட்டுக் காட்டினேன்: ஏறக்குறைய 37 விழுக்காடு அதிகம். மாடி அறை, கத்திரி வெயில், போதாததற்குக் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளி போல் படிந்திருந்தது. சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றியதும் 96 டிகிரி 81க்கு இறங்கியது. ஆனாலும் நீலத்திரை நிற்கவில்லை.

வோல்டேஜை இன்னும் ஏற்றலாம் என்றான். வேண்டாம், எல்லாவற்றையும் பழையபடி வை, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, நோட்டில் எழுது என்றேன். எனக்குத் தெரிந்தது எட்டாம் வகுப்பு அறிவியல்தான், அதில் இதுதானே முதல் பாடம்! ப்ராசஸர் பழைய வேகத்துக்கு வந்த பிறகும் அணைந்தது. அப்போதுதான் இன்னொன்று வெளியே வந்தது. அதே நாளில் ராமின் வேகத்தையும் 3600க்கு ஏற்றியிருக்கிறான். இரண்டு ராம், வேறு வேறு சமயத்தில் ரிச்சி தெருவில் வாங்கியவை.

மெம்டெஸ்ட்86 என்ற சோதனையைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ராமை 2666க்கு இறக்கி மறுநாள் ஓட்டினோம், ஒரு பிழைகூட இல்லை. பிறகு ப்ராசஸரை மட்டும் மறுபடி 4.2க்கு ஏற்றிப் பிரைம்95 ஓட்டினோம். இருபது நிமிடத்தில் கணக்குத் தப்பு என்று சொல்லி நின்றது. ஆக, இரண்டிலுமே கோளாறு.

என்னைத் தூங்கவிடாதது அந்தக் கடைசி விஷயம்தான். கம்ப்யூட்டர் ஒன்று ஓடும், இல்லையென்றால் நின்றுபோகும் என்றே நினைத்திருந்தேன். இது ஓடிக்கொண்டே தப்புக் கணக்குப் போட்டிருக்கிறது. தப்பாய் எழுதியதைச் சரி என்று சேமித்தும் வைத்திருக்கிறது. படங்கள் போனது அப்படித்தான். அவனுடைய கல்லூரி ப்ராஜெக்ட் ஃபைல்களில் எவை பழுது என்று இன்னும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். திட்டவில்லை. முகத்தைப் பார்த்தால் திட்டத் தோன்றவில்லை.

இப்போது எல்லாம் கம்பெனி வேகத்தில் ஓடுகிறது. பாழான 11இல் ஏழுக்கு அசல் இருந்தது, மறுபடி ஸ்கேன் செய்தாயிற்று. நான்கு போனது போனதுதான். அதில் ஒன்று 1994 ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோ. மேல் வரிசை முகங்கள் மட்டும் தெரிகின்றன, தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யாரும் இல்லை.

அந்த வகுப்பில் படித்தவர்கள் வீட்டில் ஒரு பிரதி இருந்தால், மொபைலில் படம் எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். மற்ற 59 படங்களையும் ஞாயிறு போடுகிறேன்.