பிரித்த நூல்

என் மகள் பன்னிரண்டு வயதில் தனக்கென்று ஒரு பாவாடை தைத்தாள். இடுப்புப் பட்டி உள்பக்கம் வெளியாக ஏறிவிட்டது. அழுதபடியே தூங்கப் போனாள். இரவோடு இரவாக நான் அதைப் பிரித்து, சரியாகத் தைத்து, இஸ்திரி போட்டு, விடிகாலையில் அவள் தலைமாட்டில் வைத்தேன். பெரிய நன்மை செய்துவிட்டதாக நினைப்பு. அதன்பிறகு அவள் தையல் மிசின் பக்கம் உட்காரவே இல்லை. இன்றைக்கு அவளுக்கு ஐம்பது வயதாகிறது. சட்டைப் பொத்தான் அறுந்தால் என்னிடம்தான் வருகிறது.

அந்தப் பாவாடையை நினைத்துக்கொண்டுதான் போன மாதம் பேத்தியின் போர்வையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூரில் எங்கள் தேக்கா மார்க்கெட் கட்டடம் 1982இல் திறந்தபோது அதற்கு ஜூஜியாவ் சென்டர் என்று பெயர். 2000இல்தான் தேக்கா என்ற பழைய பெயர் திரும்பியது. நாங்கள் என்றைக்கும் தேக்கா என்றுதான் சொன்னோம். கீழே மீன், ஆட்டிறைச்சி, கீரை. மாடியில் சேலை, சுடிதார், தையல்காரர்கள். அந்த மாடியில் பல வருடம் ரவிக்கை தைத்தவள் நான். வெட்டி விழுந்த துண்டுகளை ஒருநாளும் குப்பையில் போட்டதில்லை. டூ பை டூ, காட்டன், பட்டு என்று மூன்று பை நிறைய வைத்திருக்கிறேன். அக்காள் பிள்ளைக்கு அந்தத் துண்டுகளிலேயே ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் போகிறேன் என்று பேத்தி வந்து நின்றாள். சீனர்களிடம் நூறு வீட்டுத் துணி வாங்கிக் குழந்தைக்குப் போர்வை தைக்கும் வழக்கம் உண்டு. நூறு வீட்டு வாழ்த்தும் பிள்ளையைப் போர்த்தும் என்பது நம்பிக்கை. என் பைகளிலும் நூறு வீட்டுத் துணிக்குக் குறைவில்லை.

வரிசைக்கு ஒன்பது சதுரம். மூன்றாவது வரிசையை இரண்டாவதோடு வைத்துப் பார்த்தால் ஓர் அங்குலம் குறைந்தது. “எல்லாம் ஒரே அளவாத்தான வெட்டினேன், பாட்டி?” வெட்டியது சரிதான். தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டிய இடத்தில் கூடவே ஒரு வீசம் உள்ளே போயிருந்தது. வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத் துணியையும் தின்னும். ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம், எட்டுத் தையலுக்கு முழு அங்குலம்.

“இழுத்துப் பிடிச்சுத் தைச்சுடவா?” என்றாள். இழுத்தால் அடுத்த வரிசை சுருங்கும், அதற்கடுத்தது கோணும், கடைசியில் போர்வை தரையில் படியாமல் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். தையல் பிரிக்கும் கருவியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்தக் கருவியில் இரண்டு முனை உண்டு. நீண்ட முனை கூரானது, குட்டை முனையில் சின்ன மணி இருக்கும். வெட்டும் விளிம்பு நடுவிலுள்ள வளைவில் இருக்கிறது. கூர்முனையைத் தையலுக்கு அடியில் விட்டு, மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக ஒரே பக்கத்தில் அறுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு துணியைத் திருப்பி மறுபக்கத்து நூலை இழுத்தால் முழு நீளமாக வந்துவிடும். துணியை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று கிழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். கிராஸாக வெட்டிய துண்டு அந்த இழுப்பில் நீண்டுபோகும், திரும்பப் பழைய அளவுக்கு வராது. பட்டில் ஊசித் துளை தெரியும். அலுத்த கண்ணோடு ராத்திரியில் பிரிக்கவே கூடாது. நூலுக்குப் பதில் துணி அறுபடும்.

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதும் இல்லை. பச்சைக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சை வந்துவிட்டதா, இருக்கட்டும். மூலை ஒரு நூல் விலகியதா, அதுவும் இருக்கட்டும், துவைத்தால் அடங்கிவிடும். அளவு கெட்டால் பிரி. துவைக்கும்போது விட்டுவிடும் தையல் என்றால் பிரி. மற்றதெல்லாம் தைத்தவளின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற குறை.

முக்கால் மணி நேரம் அவள் பிரித்தாள். அறுந்த நூலைக் கூட்டிப் பெருக்கப் போனபோது சாங்கி கதையைச் சொன்னேன்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. மார்ச் மாதம் ஐரோப்பியப் பெண்களையும் பிள்ளைகளையும் கத்தோங்கிலிருந்து சாங்கிச் சிறைக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள். எத்தல் முல்வானி என்ற கனடாப் பெண்ணின் யோசனையில் அங்கே மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் 66 சதுரம். தன் பெயரோடு தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றையும் ஒவ்வொருத்தியும் தைத்தாள். ஆண்கள் வேறு இடத்தில் அடைபட்டிருந்தார்கள். மருத்துவமனைக்குப் போர்வை என்று அனுப்பினால், நாம் உயிரோடு இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு போர்வைகள் இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. மூன்றாவது பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

அதே சிறையில் சாரணச் சிறுமிகளும் தங்கள் தலைவி எலிசபெத் எனிஸின் பிறந்தநாளுக்காக ரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். அறுகோணத் துண்டுகளைப் பூப்பூவாகச் சேர்த்த போர்வை. லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. நூலுக்கு எங்கே போவது? நைந்த உடுப்புகளின் தையலைப் பிரித்துத்தான் நூல் எடுத்தார்கள். பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு அங்கே தைக்க நூலே கிடையாது.

பேத்தி ஒன்றும் பேசவில்லை. முழு நீளமாக வந்த நூல்களை மட்டும் பொறுக்கி ஒரு மைலோ டின்னில் போட்டாள். மறுநாள் வரிசை சரியான அளவுக்கு வந்தது. இப்போது ஏழாவது வரிசையில் இருக்கிறாள். நடுவில் இன்னும் இரண்டு முறை பிரித்தாள், என்னைக் கேட்காமலே.

வீட்டில் பிள்ளை தப்பாகத் தைத்துவிட்டு அழுதால், அதைப் பிடுங்கி நீங்கள் சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள் தாய்மார்களே. பக்கத்தில் நல்ல விளக்கைப் போட்டுக் கொடுங்கள். பிரிக்கும் கருவியை அதன் கையிலேயே கொடுங்கள்.