நாலு கம்பிக்கு என்ன விலை?

பாஸ் கிடார் வாங்கப் போறேன் என்று யாரிடம் சொன்னாலும் நம்மூரில் முதலில் வருகிற கேள்வி இதுதான்: "ஏன்டா, ஆறு கம்பி வச்ச கிடாரே 5,000 ரூபாய்க்குக் கிடைக்குது. நாலு கம்பிக்கு எதுக்குடா 18,000?" அம்மா கேட்டாங்க, ரூம்மேட் கேட்டான், காலேஜ் வாசல் டீ மாஸ்டர் கூடக் கேட்டார். கம்பிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் வீணைதான் லாபம், ஏழு கம்பி :-)

மூணு மாசமாகப் பழைய பாஸ் கிடார் தேடி மதுரையைச் சுற்றி அலைந்துகொண்டிருக்கிறேன். திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி... பார்த்த கிடார் எட்டு, வாசித்துப் பார்க்க விட்டவை ஆறு. அலைந்ததில் ஒரு விஷயம் புரிந்தது. நம்ம பக்கம் நல்ல பாஸ் கிடார் பழசாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஏன் குறைவு என்பதுதான் இந்தப் பதிவே. அதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை. (தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம்.)

பாஸ் கிடாரில் ஈ, ஏ, டி, ஜி என்று நாலு கம்பி. தடிமனான ஈ கம்பியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. சாதா கிடாரின் தடித்த கம்பியே 82 அதிர்வுதான், அதில் பாதி இது. அந்த ஆழத்துக்குப் போகணும் என்றால் கம்பி தடியாகணும், நீளமாகணும். அதனால் பாலத்திலிருந்து நட் வரை 34 அங்குலம். நாலு கம்பியும் சேர்ந்து நெக்கை இழுக்கிற இழுவை 70 கிலோவுக்கு மேல். அதாவது நம்ம பெஞ்சில் உட்காருகிற ஓர் ஆள் ராத்திரி பகலாக அந்த மரக்கட்டையில் தொங்கிக்கொண்டே இருக்கிறான். விலை ஏன் கூடுது என்று இப்போது தெரிகிறதா?

இதை இந்த வடிவத்தில் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர், 1951-ல். அதுவரை ஆள் உயர டபுள் பாஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஃப்ரெட் போட்டதால் சுருதி பிசகாமல் துல்லியமாக விழும் என்று 'ப்ரிசிஷன்' பாஸ் என்றே பேர் வைத்தார். அடுத்தது 1960-ல் ஜாஸ் பாஸ். இன்றைக்கு உலகத்தில் விற்கிற பாஸ் கிடாரில் பாதிக்கு மேல் இந்த இரண்டின் பேரன் பேத்திகள்தான் என்று தோன்றும், அவ்வளவு ஜாடை.

நமக்கு இது அந்நிய வாத்தியம் என்று சொல்லவே முடியாது. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இன்றைக்குத் தேனி மாவட்டம், 1996 வரைக்கும் மதுரை மாவட்டம். 1976-ல் அன்னக்கிளி வந்ததிலிருந்து, டேப் ரெக்கார்டர் இருந்த ஒவ்வொரு டீக்கடையிலும் பாஸ் கிடார் வாசித்துக்கொண்டேதான் இருந்தது, யாரும் பேர் சொல்லிக் கேட்கவில்லை அவ்வளவுதான். அவர் குழுவில் பாஸ் வாசித்தவர் சசிதரன். மௌன ராகம் (1986) பாடல்களை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். பாட்டை விட்டுவிட்டு அடியில் போகிற ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், அது தனியாக இன்னொரு பாட்டு. ரகுமான் காலத்துக்கு வந்தால் சென்னைக்காரர் கீத் பீட்டர்ஸ். இவர்களைக் கேட்டுவிட்டுத்தான் எங்க பக்கத்துப் பையன்கள் பாஸ் எடுத்தார்கள், சர்ச்சிலும் ஆர்கெஸ்ட்ராவிலும்.

சரி, மேட்டருக்கு வருவோம். பழைய பாஸ் பார்க்கப் போனால் முதலில் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். விற்கிறவர் துடைத்து வைத்திருப்பார். நெக்கின் மேல் முனையிலிருந்து துப்பாக்கியில் குறி பார்ப்பது மாதிரி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முன்பக்கமாக லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை, உள்ளே இருக்கிற ட்ரஸ் ராடை முடுக்கிச் சரி செய்யலாம். முறுக்கிக்கொண்டு நின்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் 12-வது ஃப்ரெட்டில் தொட்டும் தொடாமல் ஹார்மானிக் அடித்து, அதே இடத்தில் அழுத்தியும் வாசித்து, இரண்டும் ஒரே சுருதியா என்று பாருங்கள். ஜி கம்பியில் 5-லிருந்து 7-வது ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக நீட்டி வாசியுங்கள். ஃபெண்டர் சாயல் நெக்குகளில் அந்த இடத்தில் சத்தம் சட்டென்று செத்துப்போவது உண்டு. அது ரிப்பேர் இல்லை, அந்த மரத்தின் குணம். விலையைக் குறைத்துக் கேட்க மட்டும் உதவும்.

பிராண்டு சண்டைக்கு நான் வரவில்லை. யமஹாவா, ஐபனேஸா, கார்ட்டா, ஸ்குவையரா என்று விடிய விடிய பேசுகிற அண்ணன்மார் இருக்கிறார்கள். கொல்கத்தாவில் செய்கிற கிவ்ஸன், ஹாப்னர் இரண்டையும் அமெரிக்கக் கிப்ஸன், ஜெர்மன் ஹாஃப்னர் என்று நினைத்து விலை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எனக்குப் பிடித்த சண்டை விரல் பலகை மரத்தைப் பற்றியது. வெளிநாட்டுக் கிடார்களில் ரோஸ்வுட் என்று பெருமையாகப் போடுகிற மரத்தில் பெரும்பகுதி நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். தோதகத்தி என்றும் சொல்வோம். 2017-ல் அந்த மர இனம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நடுவில் ஸ்குவையர் மாதிரி விலை குறைந்த கிடார்கள் 'இந்தியன் லாரல்' என்ற மரத்துக்கு மாறின. ஏதோ வெளிநாட்டு மரம் என்று பயந்துவிட்டேன். தேடிப் பார்த்தால் நம்ம கருமருது! "2017-க்கு முன்னாடி பீஸ் தம்பி, ஒரிஜினல் ரோஸ்வுட்டு" என்று 3,000 ரூபாய் கூடக் கேட்டார் ஒருவர். எலக்ட்ரிக் பாஸில் கருமருதுக்கும் ஈட்டிக்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 3,000 ரூபாய்க்கான வித்தியாசம் நிச்சயமாக இல்லை.

பிக்கப்பில் மட்டும் வித்தியாசம் உண்டு, அதுவும் நம்ம ஊர்க் கரண்டுக்கு. ப்ரிசிஷன் மாதிரி இரண்டாகப் பிளந்த பிக்கப் இரைச்சலைத் தானே அடித்துவிடும். ஜாஸ் மாதிரி பிக்கப்பில் இரண்டையும் சமமாகத் திறந்து வைத்தால்தான் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் 'உம்ம்ம்' ஆரம்பித்துவிடும். எர்த் சரியில்லாத கல்யாண மண்டபத்தில் நின்று பார்த்தால் இதன் அருமை தெரியும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூணாவது ஃப்ரெட் 49. இரைச்சலின் அடுத்த படி 100, சும்மா மீட்டிய ஜி கம்பி 98. ஆக, மின்வாரியம் எப்போதும் கொஞ்சம் சுருதி ஏறின ஜி வாசித்துக்கொண்டே இருக்கிறது :-)

இப்போது உசிலம்பட்டி.

ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல். விற்கிறவருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். 22 வருஷம் மெல்லிசைக் குழுவில் பாஸ் வாசித்தவர், இப்போது ஜெராக்ஸ் கடை. யமஹா, பி ஒன்று ஜே ஒன்று என இரண்டு வகைப் பிக்கப்பும் இருந்தது. நெக் நூல் பிடித்த மாதிரி நேர். கட்டைவிரல் வைக்கிற இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. 9,000 சொன்னார். அது சரியான விலை இல்லை, குறைவான விலை. எனக்கே சங்கடமாகிவிட்டது.

"ஏண்ணே விக்கிறீங்க?"

"கீபோர்டுக்காரன் இடது கையிலயே பாஸ் வந்துருதுப்பா. ஒரு ஆள் சம்பளம் மிச்சம். இப்ப அதுவும் இல்ல, பென் டிரைவுல ட்ராக்கப் போட்டுப் பாட்டுக்காரங்க மட்டும் வந்து பாடிட்டுப் போறாங்க. ட்ரம்ஸ் இல்லாட்டி ஜனம் கேக்கும், பாஸ் இல்லாட்டி ஒருத்தனும் கேக்க மாட்டான்."

ஏன் கேட்கமாட்டார்கள் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். திருவிழா மைக்செட்டில் அந்தக் காலத்தில் ஊர் முழுக்கக் கட்டியது குழாய் ஸ்பீக்கர், போலீஸ் பாஷையில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி. குரல் ரெண்டு கிலோமீட்டர் போகும். ஆனால் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக ஒன்றும் வராது. பாஸின் 41 அதில் வரவே வராது. ஆனாலும் நம்ம காது கெட்டிக்காரக் காது. மேலே 246, 287 என்று அடுக்கடுக்காக வருகிற ஹார்மானிக்கை வைத்து, அடியில் 41 இருக்கணும் என்று தானே ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகத்தில்தான் இத்தனை வருஷம் எங்க ஊர்கள் பாஸ் கேட்டிருக்கின்றன. ஊகத்துக்கு எதற்கு ஓர் ஆள் என்று குழு நடத்துகிறவருக்குத் தோன்றியதில் என்ன ஆச்சரியம்? பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வந்து, அடிச் சத்தம் நெஞ்சில் வந்து இடிக்க ஆரம்பித்தபோது, அந்த இடத்தில் கீபோர்டின் இடது கை உட்கார்ந்துவிட்டது. இவர் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டார்.

அவர் சொன்ன இன்னொன்று: "மேடையில நேரா மிக்ஸர்ல சொருகிருவாங்க. மானிட்டர் இருந்தா பாடகருக்கு. என் சத்தத்த நான் விரல்லதான் கேட்டேன் தம்பி, காதுல கேட்டதில்ல. சொந்தமா ஒரு பாஸ் ஆம்ப் வாங்கணும்னு நெனச்சேன், புள்ளைங்க படிப்பு வந்துருச்சு."

நான் பேரம் பேசவில்லை. 9,000 கொடுத்து வாங்கிக்கொண்டு, அதைக் கண்டக்டர் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். (லக்கேஜ் டிக்கெட் தனி.)

அன்றைக்கே முடிவு பண்ணினேன், மிச்சம் இருக்கிற காசு முழுக்க ஆம்புக்கு. நம்ம ஆட்கள் கிடாரை மணிக்கணக்காக ஒப்பிடுவார்கள், ஆம்ப் என்றதும் "ஏதாச்சும் ஒண்ணுல சொருகுப்பா" என்பார்கள். அஹுஜா ஆம்ப் எல்லா சர்ச்சிலும் இருக்கிறது, 1940-ல் தொடங்கிய கம்பெனி, கல்லு மாதிரி உழைக்கும். ஆனால் அது பேச்சுக்குச் செய்தது. பாஸின் பிக்கப்பை நேராக மைக் உள்ளீட்டில் சொருகினால் சத்தம் மங்கிப்போகும், நடுவில் ஒரு டி.ஐ. பாக்ஸ் வேணும். சாதா கிடார் ஆம்பில் சொருகிச் சத்தம் கூட்டினால் கோன் கிழிய வாய்ப்பு. வேடிக்கை என்னவென்றால், ஃபெண்டர் பாஸுக்கென்றே 1952-ல் பாஸ்மேன் என்று ஓர் ஆம்ப் செய்தார். அதைக் கிடார்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்பை அதைப் பார்த்துத்தான் செய்தார். பாஸ்காரனுக்கு வாங்கிய பந்தியில் பாஸ்காரனுக்கே இலை இல்லை!

வாட்ஸ் கணக்கிலும் ஏமாறாதீர்கள். 30 வாட்ஸுக்கும் 60 வாட்ஸுக்கும் வித்தியாசம் 3 டெசிபெல், காதுக்குக் கொஞ்சூண்டு. இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேணும். அடிச் சத்தத்துக்குக் காற்றைத் தள்ளணும். அதனால் வாட்ஸோடு ஸ்பீக்கர் அகலத்தையும் பாருங்கள். ரூமுக்கு 8 அங்குலம் போதும். ட்ரம்ஸோடு வாசிக்க 12 அல்லது 15 அங்குலம், 100 வாட்ஸ் அக்கம்பக்கம்.

மேலூரில் 15 அங்குல பாஸ் ஆம்ப் ஒன்று பழசாக இருக்கிறது. 11,000 சொல்கிறார், கோன் ஒரு தடவை மாற்றியது. சத்தம் கூட்டினால் ஈ கம்பியில் கரகர என்கிறது. ஸ்பீக்கர் மாற்றினால் இன்னும் 3,000 ஆகும் என்றார் மைக்செட் ரிப்பேர் அண்ணன். கையில் இருப்பது 8,500. சனிக்கிழமை பாஸையும் தூக்கிக்கொண்டு போகப் போகிறேன். உசிலம்பட்டி அண்ணனுக்குப் போன் போட்டேன், கடையைச் சம்சாரத்திடம் விட்டுவிட்டு அவரும் வருகிறாராம். "நீ பேரம் பேசு தம்பி, நான் வாசிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றார்.

100 வாட்ஸுக்குப் பக்கத்தில் வேறு யாராவது விற்கிறார்கள் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் மக்களே.