தோட்டாப் பையைக் கொடுத்த கை

எங்க சித்தப்பாவுக்கு இடது கையில் மூணு விரல் கிடையாது. "சேரிப்பயலுக்குத் துப்பாக்கி புடிக்கத் தெரியல, வெடிச்சிடுச்சி" என்பதுதான் ஊர் சொல்லும் காரணம். அது பொய்.

1979. ஜவ்வாது மலையடிவாரம். மல்லாட்டை காய் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கும். ஆண்டை வீட்டில் இரண்டு துப்பாக்கி. ஒன்று பன்னெண்டு போர், மற்றது இருபது போர். போர் எண் கூடினால் குழல் ஒடுங்கும்: 12க்கு விட்டம் சுமார் 18.5 மி.மீ., 20க்கு 15.6 மி.மீ. ராக்காவலுக்குச் சித்தப்பா கையில் பன்னெண்டைக் கொடுத்தார்கள். பையில் தோட்டா அள்ளிப் போட்டது ஆண்டையின் மகன். பையில் மிஞ்சியவற்றை மறுநாள் அப்பா பார்த்தார். பெரிசும் சிறிசும் கலந்து கிடந்தன. எல்லாம் ஒரே சிவப்பு.

"அழுத்துனேன், டக்குன்னுச்சி, வெடிக்கல. தொறந்து தடவுனா ஒண்ணுமில்ல. இருட்டுல கீழ வுழுந்துடுச்சின்னு இன்னொண்ணு போட்டேன்" என்பார் சித்தப்பா.

துப்பாக்கி பழுது பார்க்கும் ஒருவரிடம் பின்னாளில் இதைச் சொன்னேன். "உள்ள இருபது இருந்திருக்கும்" என்றார் உடனே. இருபது போர் தோட்டாவின் விளிம்பு சின்னது. பன்னெண்டின் வாயில் நிற்காமல் உள்ளே வழுக்கி, குழல் ஒடுங்கும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். பின்னால் இன்னொரு தோட்டா போட இடமிருக்கும். அது வெடித்தால் ரவை போக வழியில்லை, அழுத்தம் குழலைக் கிழிக்கும். கிழிகிற இடம் இடது கை தாங்கும் இடம். இந்த ஆபத்துக்காகவே பல நாடுகளில் இருபது போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். அதாவது, துப்பாக்கி பழகியவனுக்கும் இது நேரும் என்று தோட்டா செய்கிறவனுக்கே தெரியும்.

உரிமம் ஆண்டை பேரில். உரிமமில்லாத கூலியாளிடம் துப்பாக்கி கொடுத்தது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். வழக்கு எதுவும் வரவில்லை. மாறாக, துப்பாக்கி விலையைச் சித்தப்பாவின் கூலியில் இரண்டு வருசம் பிடித்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து அப்போது மூணு வருசம் ஆகியிருந்தது.

கிணறு வெட்டும்போது வெடி முந்துகிறது. மலக்குழியில் விஷவாயு கொல்கிறது. "அவனுக்குத் தெரியல" என்ற ஒரே வரியில் கணக்கை முடிக்கிறார்கள். தோழர்களே, அந்த வரி காதில் விழும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பையைக் கொடுத்த கை யாருடையது?