ஆவணியில் வீடு பார்க்க வருகிறார்கள்

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் காட்சி கண்ணில் படாமல் போகாது. தெரு, அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். இரண்டு பக்கமும் கோட்டை மதில் போல உயர்ந்த வீடுகள். உச்சியில் சுதையால் செய்த கஜலட்சுமி, அவளுக்குக் காவலாகத் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய். கீழே, தேக்குக் கதவில் கையகலப் பூட்டு. ஒரு சைக்கிள் போனால் அதன் சத்தம் அடுத்த தெரு வரை கேட்கும்.

அப்படிப் பூட்டிக் கிடந்த வீடுகளில் ஒன்று போன ஆடி மாதம் திறந்தது. கல்யாணத்துக்கு அல்ல, விற்பதற்கு.

ஆடியில் யாரும் சொத்து வாங்கப் பேச மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்று தரகர் சொல்லிவிட்டார். ஆக, வீட்டை ஒழுங்குபடுத்தக் கிடைத்தது ஒரு மாதம். சென்னையில் வேலை பார்க்கும் பேரன் விடுப்பு எடுத்துக்கொண்டு பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினான். காரைக்குடியில் மகள் வீட்டில் இருக்கும் அப்பத்தாவும், எழுபத்தெட்டு வயதில், இடுப்பில் சாவிக் கொத்தைச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

முதல் சிக்கலே சாவிதான். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு மகனின் குடும்பத்துக்கு. அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. இந்த வீட்டில் 12 அறைகள். ஏழு சாவி அப்பத்தாவிடம் இருந்தது. இரண்டு கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வந்தன. ஒன்று மலேசியாவில். மிச்சம் இரண்டு யாரிடம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் விசாரணை நடந்தும் துப்புத் துலங்கவில்லை.

கையெழுத்துக் கணக்கு சாவியைவிடப் பெரியது. தாத்தாவுக்கு அப்பா, பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்து கட்டிய வீடு இது. 1942-ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது, கடையையும் கணக்கையும் போட்டுவிட்டு நடந்து வந்தவர்களில் இவர்கள் குடும்பமும் உண்டு. அதற்குப் பிறகு வீடு வளரவில்லை, குடும்பம்தான் வளர்ந்தது. இன்று பத்திரத்தில் ஒப்பமிட வேண்டியவர்கள் 23 பேர். பெண் மக்களுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் சட்டம் வந்தது. அதனால் வாரிசுச் சான்றிதழ், வெளிநாட்டில் இருப்பவர்களின் பவர் பத்திரம் என்று இப்போது எல்லாமே சரியாக இருந்தாக வேண்டும். பழைய வீட்டை வாங்க வருகிறவர் தூணைப் பார்த்து மயங்குவதெல்லாம் முதல் அரைமணி நேரம்தான். அடுத்துக் கேட்பது மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும். இந்தப் பேரன் சுவரைத் துடைப்பதற்கு முன்னால் காகிதங்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்தான். அது புத்திசாலித்தனம்.

மற்ற யோசனைகளில் அவனுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை.

தரகர் முதல் நாளே சொன்னார்: “ஆச்சி, முகப்புக்கு ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சிருவோம். பளிச்சுன்னு இருக்கும். விலை கூடக் கேக்கலாம்.”

“சுண்ணாம்புச் சுவத்துல பெயின்ட் அடிச்சா நாலு மழை தாங்காதுப்பா. தோல் உரியிற மாதிரி உரிஞ்சு வந்துரும்” என்றார் அப்பத்தா. பேரனுக்குப் பெயின்ட் யோசனை பிடித்திருந்தது. ஆனால், அப்பத்தா சொன்னதுதான் சரி. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பி விடும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால் அந்த ஈரம் வெளியேற வழி இல்லாமல் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வரும். உள்சுவர்களின் பூச்சு இன்னும் நுட்பமானது. சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு என்று தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. நூறு வருடம் ஆகியும் கையை வைத்தால் பளிங்கு மாதிரிக் குளிரும். அதற்குத் தேவை ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி. அவ்வளவுதான்.

தரைக்கும் அதே கதை. கறை போகட்டும் என்று வேலைக்கு வந்த பையன் ஆசிட் பாட்டிலைத் திறந்துவிட்டான். ஆத்தங்குடிக் கல் சிமென்டும் மணலும் வண்ணப்பொடியும் கலந்து, கண்ணாடிப் பலகை மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் பட்டால் அந்தப் பூ வேலை அதோடு போச்சு. நல்ல வேளை, ஒரு மூலையில் இரண்டு கல்லோடு நின்றது. பிறகு வெறும் தண்ணீரில் கழுவி, துடைக்கும் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தார்கள். மூன்றாவது நாள் தரையில் வளவுத் தூண்களின் நிழல் தெரிந்தது.

வௌவால்தான் மனிதர்களை அழவைத்தது. மேல்மாடிக் கூடத்தில் பல வருடக் குடித்தனம். புழுக்கையை அள்ளி, வேப்பிலைப் புகை போட்டு, உடைந்த ஜன்னல்களுக்கு வலை அடித்து முடிக்க ஒரு வாரம். அப்படியும் அந்த வாடை முழுதாகப் போகவில்லை. கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று வேரோடு பிடுங்கினார்கள். ஓட்டுக் கூரையில் உடைந்ததை மாற்றினார்கள். எல்லாவற்றையும் மாற்றக் கையில் காசு இல்லை.

சென்னையில் அடுக்குமாடி வீடு விற்பவர்களுக்குச் சொல்லும் ஒரு யோசனை உண்டு. சுவரிலிருந்து குடும்பப் படங்களை எடுத்துவிட வேண்டும், வாங்க வருகிறவர் தன் குடும்பத்தை அங்கே கற்பனை செய்ய வேண்டும் என்று. பேரன் அதைப் போனில் படித்துவிட்டு, முகப்பில் வரிசையாகத் தொங்கிய முப்பது படங்களையும் இறக்கினான். சுவரில் முப்பது இடத்தில் சதுரம் சதுரமாகத் தடம். மறுநாள் காலையில் அத்தனையையும் திருப்பி மாட்ட வேண்டியதாயிற்று. எது எங்கே இருந்தது என்று அப்பத்தாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

முதலில் வந்தவர் ஆடியிலேயே வந்துவிட்டார். வீடு வாங்குகிறவர் இல்லை, பழைய மர வியாபாரி. அவர் நாள் பார்ப்பதில்லை. உள்ளே வந்தவர் துடைத்த தரையையோ சுவரையோ ஏறிட்டுப் பார்க்கவில்லை. விரல் முட்டியால் தூணைத் தட்டினார். நிலைக்கதவின் கனத்தை ஜாண் போட்டு அளந்தார். எத்தனை தூண், எத்தனை நிலை, எத்தனை உத்திரம் என்று எண்ணி, கன அடிக் கணக்கைப் போனில் போட்டு ஒரு தொகையைச் சொன்னார். குறைந்த தொகை இல்லை. ஆறு மாதத்தில் இடித்து எடுத்துக்கொள்வார், மனை உங்களுக்கே. 23 பேருக்குப் பங்கு பிரிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. குழுவில் ஐந்தாறு பேர் உடனே கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள்.

அன்று மாலை, கதவு ஒன்றுக்குக் காணாமல் போன பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கப் பேரன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனான். பழம்பொருள் பிரியர்களுக்குத் தெரிந்த தெரு அது. கடைக்குக் கடை பர்மாத் தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குச்சட்டிகள், பல்லாங்குழிகள், ரவிவர்மா அச்சுப் படங்கள். அவன் கேட்ட தாழ்ப்பாள் ஒரு கூடை நிறையக் கிடந்தது. விலையும் மலிவு. அதை எடுக்கக் குனிந்தபோது சுவரில் சாய்த்து வைத்திருந்த கல்யாணப் படங்களைப் பார்த்தான். கழுத்துரு அணிந்த பெண், பக்கத்தில் தலைப்பாகையோடு மாப்பிள்ளை. யார் வீட்டு அப்பத்தாவோ. சட்டத்தின் மரத்துக்குத்தான் விலை, படம் இலவசம் என்றார் கடைக்காரர்.

தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு வந்தவன், குழுவில் எழுதினான்: ‘ஆவணி முடியட்டும். அதுவரை மர வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டாம்.’

இந்த ஊர்களில் வீடு விற்பதில் வெளியே தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. பாழடைந்து கிடக்கிற வீட்டுக்கு இடிப்பவர்தான் வருவார். ஒழுகலும் கரையானும் அவருக்கு லாபம், விலையைக் குறைக்கலாம். விளக்கு எரிகிற, தண்ணீர் வருகிற, கழிப்பறைக் கதவு சரியாகச் சாத்துகிற வீட்டைத்தான் குடியிருக்க நினைப்பவர் திரும்பிப் பார்ப்பார். கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் கொத்தமங்கலத்திலும் பெரிய வீடுகள் விருந்தினர் விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகளை யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இந்தியா 2014-ல் சேர்த்தது. பெருமைதான். ஆனால், பட்டியலில் ஊர் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு தூண் தப்பித்துவிடாது.

ஆவணி இரண்டாவது ஞாயிறு ஒரு தம்பதி வந்தார்கள். ஐம்பது வயது இருக்கும், சிறிய விடுதி நடத்தும் எண்ணம். வாசலில் கோலம், ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வளவில் வெயில் விழும் பத்து மணிக்கு வரச் சொன்னது அப்பத்தாவின் ஏற்பாடு. அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பேரனுக்கு வீடு விற்றுவிட்ட மாதிரியே இருந்தது.

அப்பத்தா அவர்களைச் சாமி அறைக்குக் கூட்டிப் போனார். அது பேரனின் திட்டத்தில் இல்லை.

“வருசத்துல ஒரு நாள் எங்க முன்னோர்க்குப் படைப்பு உண்டு. எல்லாப் புள்ளியும் வந்து கூடுவோம். வீட்டை நீங்க வாங்கினாலும், அந்த ஒரு நாளுக்கு நாங்க வரலாமா?”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எத்தனை பேர் வருவீங்க ஆச்சி?” என்றார் அவர்.

“எழுபது பேருக்குக் குறையாது.”

அவர் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “பத்திரத்துலயே எழுதிரலாம். சாமிக்கு உள்ள நாளை வாய்வார்த்தையா விடக்கூடாது” என்றார். பிறகு பூட்டிய இரண்டு அறைகளில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எங்களுக்கும் தெரியாது என்று பேரன் உள்ளதைச் சொன்னான்.

கிளம்பும்போது, கூரை ஒழுகுமா என்று கணவர் கேட்டார். பேரன் வாயைத் திறப்பதற்குள் அப்பத்தா முந்திக்கொண்டார்.

“ரெண்டாங்கட்டுல ஒழுகும். ஐப்பசியில ஒருதடவை வாங்க, மழை பேயறப்ப. நாலு பக்கத்துக் கூரைத் தண்ணியும் வளவு வாசல்ல கொட்டும், பாத்தாத்தான் தெரியும். அப்புறம் விலை பேசலாம்.”

கார் தெருமுனை திரும்பும் வரை பேரன் பொறுத்திருந்தான். பிறகு அப்பத்தாவிடம் திரும்பினான். அவர் அதற்குள் உள்ளே போய், அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்திருந்த செப்பு அண்டாவை உருட்டிக்கொண்டு வர ஆள் தேடிக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் பிடிக்க அதைப் புளி போட்டு விளக்க வேண்டுமாம்.