சம்மதம் கேட்கும் முறை

நாடுகள் சேர்ந்து ஓர் ஒன்றியம் அமைப்பது கடினம். அமைத்த ஒன்றியத்திற் புதிய நாடுகளைச் சேர்ப்பது அதனினும் கடினம். அரசாங்கத் தலைவர்கள் ஒரு மேசையைச் சுற்றியிருந்து கையொப்பமிட்டுவிடலாம். ஆனால், அக் கையொப்பத்தின் பாரத்தைச் சுமக்கிறவன் தொழிலாளி. சிறு நிலத்தை நம்பியிருக்கும் விவசாயி. அவனுடைய சம்மதத்தை எவ்வாறு பெறுவது? மாணவருக்குக் குடியியல் கற்பிக்கும் எனக்கு இது நெடுநாளாக உள்ள கேள்வி. இதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் மனம் அயர்லாந்தையே நாடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 15 நாடுகள் இருந்த காலம் அது. கிழக்கிலும் தெற்கிலுமிருந்து பல நாடுகள் வாசலிற் காத்து நின்றன. அவற்றுக்கு இடமளிக்கும் வகையில் வாக்குகளையும் ஆசனங்களையும் மாற்றியமைத்தது, 2001 பெப்ரவரியிற் கைச்சாத்தான நீஸ் உடன்படிக்கை. ஏனைய 14 நாடுகளும் அதனைத் தத்தம் பாராளுமன்றங்களிலேயே நிறைவேற்றிக்கொண்டன. அயர்லாந்து மட்டும் மக்களிடம் செல்ல வேண்டியிருந்தது. காரணம், றேமண்ட் குரொட்டி என்ற பொருளியலறிஞர் தொடுத்த வழக்கு. விவசாயியாக வாழ்ந்த அனுபவமும் அவருக்கு உண்டு. நாட்டின் இறைமையைத் தொடும் ஒப்பந்தத்தை மக்களின் அனுமதியின்றி அரசு ஏற்றுக்கொள்ளலாகாது என்று 1987இல் அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் அவ்வழக்கிலே தீர்ப்பளித்தது. தனி மனிதர் ஒருவரின் பிடிவாதம் ஒரு தேசத்துக்கே உரிமையைப் பெற்றுத் தந்தது.

2001 யூன் 7ஆந் திகதி சர்வசன வாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்காளரில் நூற்றுக்கு 35 பேரே வந்தனர். வந்தவருள் 54 வீதத்தினர் ‘வேண்டாம்’ என்றனர். அரசாங்கம் திகைத்தது. அயர்லாந்து மக்கள் சுயநலக்காரர், தாம் ஏறிய ஏணியைத் தள்ளிவிடுகிறார்கள் என்ற பழிச்சொல்லும் எழுந்தது. அது முழு உண்மையன்று. எதிர்த்து நின்ற கட்சிகளிற் பல, புதிய நாடுகளின் வரவை எதிர்க்கவில்லை. தம் நாட்டின் நடுநிலைமை என்னவாகும், பெரிய நாடுகளின் மத்தியிற் சிறிய நாட்டின் குரல் என்னவாகும் என்றே அவை கேட்டன. எளிய மக்களோ, தமக்கு எவரும் விளக்கிச் சொல்லாத ஓர் ஆவணத்துக்குத் தலையசைக்க மறுத்தார்கள்.

அதன்பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. ஐரோப்பா பற்றிய தேசிய மன்றம் ஒன்று 2001 ஒக்டோபரில் அமைக்கப்பட்டது. ஆதரித்தோரும் எதிர்த்தோரும் அதிலே அமர்ந்தனர். அது தலைநகருடன் நின்றுவிடாமல் ஊர்களுக்கும் சென்று கூட்டங்களை நடத்தியது. நடுநிலைமை பற்றிய அச்சத்துக்கு வெறும் வாய்ச்சொல் பதிலாகவில்லை. பொதுப் பாதுகாப்புக் கூட்டணியில் மக்களின் அனுமதியின்றி நாடு சேரலாகாது என்ற தடை, அரசியலமைப்புத் திருத்தத்திலேயே எழுதப்பட்டது. 2002 ஒக்டோபர் 19இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. இம்முறை 63 வீதத்தினர் ‘ஆம்’ என்றனர்.

ஆசிரியர் அறையில் இக் கதையைச் சொன்னபோது நண்பர் ஒருவர் சீறினார். “மக்கள் ஒருமுறை சொன்னது போதாதா? விரும்பிய விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதை நீர் சனநாயகம் என்கிறீரா?” அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. எதையும் மாற்றாமல் அதே கேள்வியை மீண்டும் நீட்டியிருந்தால் அது மோசடியே. ஆயினும் எண்களைப் பாருங்கள். முதன்முறை ‘வேண்டாம்’ என்றவர்கள் ஏறத்தாழ 5 இலட்சத்து 29 ஆயிரம் பேர். மறுமுறை 5 இலட்சத்து 35 ஆயிரம் பேர். அவர்களின் தொகை குறையவில்லை. ‘ஆம்’ என்றோரின் தொகைதான் 4 இலட்சத்து 53 ஆயிரத்திலிருந்து 9 இலட்சத்து 6 ஆயிரமாக, இரு மடங்காகியது. முன்னர் வீட்டிலே இருந்துவிட்டவர்கள் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள் என்பதே இதன் பொருள். எதிர்த்தவர்களும் வெறுங்கையுடன் திரும்பவில்லை. அவர்கள் எழுப்பிய கேள்வி நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஒரு வரியாக நிலைத்துவிட்டது.

இரண்டு ஆண்டுகளின் பின், 2004ஆம் ஆண்டு மே தினத்தன்று, பத்து நாடுகள் ஒன்றியத்திற் சேர்ந்தன. அவற்றின் கொடிகள் டப்ளின் நகரில் ஏற்றப்பட்டன. பிரித்தானியாவும் சுவீடனும் அயர்லாந்தும் அன்றே தம் தொழிற் சந்தையைப் புதியவர்களுக்குத் திறந்தன. ஜெர்மனியும் ஒஸ்திரியாவும் 2011வரை கதவைச் சாத்தி வைத்தன.

கதவு திறந்ததும் முதலாளிமாரின் கணக்கும் தொடங்கியது. 2005இல் அயர்லாந்துக் கப்பற் கம்பனி ஒன்று, தன் மாலுமிகள் 500 பேருக்கு மேற்பட்டோரை அகற்றிவிட்டு, கிழக்கு ஐரோப்பியரை நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்திற் பாதிக்கும் குறைவான கூலிக்கு அமர்த்த முனைந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே தொழிற்சங்கங்களின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரவர் வீதியில் இறங்கினர். வந்தவனை விரட்டு என்பதன்று, வந்தவனுக்கும் நியாயமான கூலி கொடு என்பதே அவர்களின் கோரிக்கை. முடிவில், புதிய மாலுமிகளுக்கு அயர்லாந்தின் குறைந்தபட்ச ஊதியத்தை வழங்கக் கம்பனி இணங்கியது.

அதே ஆண்டில் பிரான்சிலே வேறொரு காட்சி. அங்கு ‘போலந்துக் குழாய்த் தொழிலாளி’ என்றொரு பூச்சாண்டி உருவானான். குறைந்த கூலிக்கு வந்து உள்ளூரான் பிழைப்பைக் கெடுப்பவன் என்று அவனைச் சித்திரித்தார்கள். மே 29இல் ஒன்றியத்தின் புதிய அரசியலமைப்பை 55 வீதத்தினர் நிராகரித்தனர். அதற்குக் காரணங்கள் பல. கூலி பற்றிய அச்சம் அவற்றுள் ஒன்று. அந்த அச்சம் பொய்யன்று. அது காட்டிய எதிரிதான் பொய். மலிந்த கூலியால் இலாபம் அடைபவன், குழாய் பூட்ட வந்த ஏழையல்லன்.

உக்ரேனும் மோல்டோவாவும் 2022 யூனில் வேட்பாளர் நிலையைப் பெற்றன. மேற்குப் பால்கன் நாடுகளோ நெடுங்காலமாகக் காத்திருக்கின்றன. புதிய நாடொன்றைச் சேர்ப்பதாயின், பாராளுமன்றம் ஐந்தில் மூன்று பங்கு பெரும்பான்மையால் வேறு வழியைத் தேர்ந்தாலன்றி, சர்வசன வாக்கெடுப்பே நடத்த வேண்டுமென்பது பிரான்சின் சட்டம். ஆகவே மக்களிடம் மீண்டும் செல்லும் நாள் வரக்கூடும்.

அன்று சுவரொட்டிகளும் விளம்பரப் படங்களும் ஏராளமாக வரும். அவற்றைக் காட்டிலும், ஊர் மண்டபத்தில் ஒரு தொழிலாளி எழுந்து “என் கூலி என்னவாகும்?” என்று கேட்கையில், அவனுக்குச் சட்டத்தில் எழுதிய ஒரு பதிலைக் கொடுப்பதே மேல். அதைக் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு அவனுடைய சம்மதத்தைக் கேட்கும் தகுதியும் இல்லை.